ஒரு செங்கல்லின் உயரம்

டீச்சர் இறந்து நான்கு நாட்களாகியும் அவருடைய நாய் மணி ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் எழுந்து வரும். முகர்ந்து பார்க்கும். தலையைப் பாதி வரை குனியும். அப்படியே சிறிது நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய் வாசற்படியில் படுத்துக்கொள்ளும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்தார்கள். "வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பாசம் நமக்கு வருமா" என்று ஒருவர் தழுதழுத்தார். டீச்சரிடம் படித்த பையன் ஒருவன் (பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பது வயது) தொடப்படாத தட்டையும் வாசலைப் பார்த்துக் கிடக்கும் மணியையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, கீழே நான்கு வரி எழுதி, பழைய மாணவர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். அன்று மாலைக்குள் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. நானும் அதைப் பார்த்து அழுதேன். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். அந்தப் படம் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. இந்த ஒரு மாதமாக உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். ஓய்வுபெற்ற பிறகு பதினேழு ஆண்டுகள் தோட்டமும் நாயும் பூனைகளும் பறவைகளுமாக வாழ்ந்தார். நினைவுக்கூட்டத்தில் பேசியவர்களில் பாதிப்பேராவது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: செடிகளையும் பிராணிகளையும் பெற்ற பிள்ளைகளைப் போல நேசித்தார் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் டீச்சர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். அவர் காதுபட அதையே நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "நாயை எதுக்குப் பிள்ளை மாதிரி வளர்க்கணும்? நாயை நாயா வளர்த்தா ஆகாதா? அது பிள்ளை இல்லைன்னு அதுக்கே தெரியும், உனக்குத் தெரியலையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டாகவும் சொல்லவில்லை.

விரலை விட்டுப் பார்

காலையில் அவர் தோட்டத்துக்குள் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கையில் பூவாளி இருக்காது. முதல் சுற்று வெறுங்கையோடுதான். ஒவ்வொரு தொட்டி அருகிலும் குனிவார். ஆள்காட்டி விரலை இரண்டு கணு மறையும்வரை மண்ணுக்குள் விடுவார். எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்து மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். மண் உதிர்ந்தால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் உண்டு. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் இல்லை. மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கண்ணை நம்பித் தண்ணீர் ஊற்றாதே என்பார். அறுபது எழுபது தொட்டிகளுக்கும் இதேதான், தினமும். அந்த ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. கடைசியாக அவர் கையைப் பிடித்தபோதும் அது இருந்தது.

பிராணிகளிடமும் இதே முறைதான். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தெருப்பூனைக்குக் கிண்ணத்தில் பால் வைத்தபோது அவர் தடுத்தார். குட்டிப் பருவம் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், பிறகு வயிற்றுப்போக்கால் அவதிப்படும். "அது ஆசையாக் குடிக்குதே டீச்சர்" என்று அவர்களில் ஒரு சிறுமி அழாத குறையாகக் கேட்டாள். "ஆசைப்படறதும் ஒத்துக்கறதும் ஒண்ணாம்மா? அப்புறம் அது எங்க போய்க் கஷ்டப்படுதுன்னு நீ பார்த்தியா?" என்றார். அடுத்த நாள் அந்தக் குழந்தையே கிண்ணம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. இன்னொரு முறை, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றை நான் துணியில் சுற்றிக்கொண்டு அவரிடம் ஓடினேன். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். தாய்ப்பறவை வாடை பார்த்துக் குஞ்சை ஒதுக்குவதில்லை என்று சொல்லி, துணியை விலக்கி முதலில் சிறகைப் பார்த்தார். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டில் திருப்பி வைக்க வேண்டும். இது இறகு முளைத்துத் தத்தித் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டது, உண்மையில் தூக்கிக்கொண்டு ஓடியது. எடுத்த இடத்திலேயே, பூனைக்கு எட்டாத ஒரு புதர் மேல் விட்டுவிட்டு, தள்ளி நின்று இருவரும் பார்த்தோம். பத்து நிமிடத்தில் தாய் வந்து இரை ஊட்டியது. அந்தப் பத்து நிமிடமும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், மறுபடி நான் ஓடிப் போய்த் தூக்கிவிடாமலிருக்க.

வகுப்பில் டார்வின் என்றால் மற்ற ஆசிரியர்கள் குரங்கையும் கலாபகஸ் தீவையும் சொல்வார்கள். இவர் மண்புழுவைத்தான் சொல்வார். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று தெரிந்துகொள்ள டார்வின் தொட்டிகளில் புழு வளர்த்தார். விசில் ஊதிப் பார்த்தார்கள், பாஸூன் என்ற ஊதுகருவியை வாசித்தார்கள், பியானோவும் வாசித்துப் பார்த்தார்கள். புழுக்கள் அசையவில்லை. பிறகு தொட்டியை பியானோவின் மீதே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும், சட்டென்று வளைக்குள் போய்விட்டன. ஓசை கேட்கவில்லை, அதிர்வு தெரிகிறது. உலகமே அறிந்த மனிதர், சாவதற்கு முந்தைய ஆண்டு, 1881 இல், மண்புழுவைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார் என்று சொல்லும்போது டீச்சரின் குரல் எழும்பும். "கேட்டுப் பார்த்தாரு பாத்தீங்களா! புழுகிட்ட கேட்டுப் பார்த்தாரு!" என்பார். எங்களில் பலருக்குப் பாடம் மறந்துவிட்டது. அந்தக் குரல் மறக்கவில்லை.

வாடுவது ஒன்று, காரணம் இரண்டு

இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் டீச்சர் இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை, எல்லாத் தொட்டிக்கும் நிரம்ப ஊற்றினேன். இரண்டாவது வாரம் அவருடைய பழைய ரோஜா தலை தொங்கியது. தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். இலை மேலும் துவண்டது. மேலும் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்பதைப் போல ஊற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது ரோஜா நின்ற இடத்தில் பழுப்புக் குச்சிதான் இருந்தது.

அவர் திட்டவில்லை. தொட்டியைச் சாய்க்கச் சொன்னார். வேர்க்கட்டி வெளியே வந்தது. வெளுப்பாக, விறைப்பாக இருக்க வேண்டிய வேர்கள் கறுத்துக் குழகுழவென்று இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், மேல்தோல் மட்டும் உறையைப் போலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் போன்ற நரம்பு மிஞ்சியது. அழுகல் நாற்றம். வேரும் மூச்சு விடும் என்பதை அவர் அப்போதுதான் எனக்கு மறுபடி சொன்னார். எட்டாம் வகுப்பில் சொன்னதுதான். நல்ல மண்ணில் பாதிக்குப் பாதி இடைவெளிதான். அதில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், கொஞ்சம் காற்று இருக்கும். எல்லா இடைவெளியிலும் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்ஸிஜன் வேரை எட்டுவது ஏறக்குறைய நின்றுபோகும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்ஸிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகும், அழுகல் நோய் பிடிக்கும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே இலை தாகத்தில் வாடும். தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும் தண்ணீரில் மூழ்கிச் சாகிற செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரி தலை தொங்கும். "வாடுறது ஒண்ணுதான். காரணம் ரெண்டு. உள்ள விரலை விடாம உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு தோட்டக்குறிப்பாகவே என் மனதில் தங்கியிருக்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாறு ஆண்டுகளில் அவர் வகுப்பில் ஒரு பையன் இருந்தானாம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மந்தமானான். மேசையில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். கேட்டால் பதில் இல்லை. பாடம் புரியவில்லை போல என்று டீச்சர் முடிவு செய்தார். பள்ளி முடிந்த பிறகு தினமும் அவனை ஒரு மணி நேரம் இருக்க வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். கூடுதலாக வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு பைசா வாங்காமல், தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுச் செய்தார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவன் இன்னும் துவண்டான். இன்னும் நேரம் கூட்டினார். ஒரு நாள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது, வீட்டில் அவன் அம்மா எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டிருந்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் சீக்கிரம் போக வேண்டியிருந்தது. பாடம் அவனுக்கு முழுவதும் புரிந்திருந்தது. அவனிடம் இல்லாதது நேரம். இருந்த கொஞ்ச நேரத்தையும் டீச்சர்தான் எடுத்துக்கொண்டார்.

"தண்ணி பத்தலன்னு நெனச்சேன்மா. அவன் ஏற்கெனவே மூழ்கிட்டிருந்தான்" என்றார். அழவில்லை. ரோஜாவின் வேரை விரலால் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தத் தொட்டியைக் கழுவப் போனேன்.

அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று நினைவிருக்கும். மதிய இடைவேளையில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். எதுவும் கேட்க மாட்டார். ஏதாவது ஒரு நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் சிலருக்கு அது வேவு பார்ப்பதாகக்கூடத் தோன்றியது. அந்தப் பையனுக்குப் பிறகுதான் அப்படி உட்கார ஆரம்பித்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டுச் சுவரில் மெண்டலின் படம் ஒன்று இருக்கும். மரபியலின் தந்தை என்பதற்காக மாட்டியிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். காரணம் வேறு. மெண்டலும் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை தேறாதவர். தேனீ வளர்த்தவர், தோட்டக்காரர். 34 வகைப் பட்டாணிகளை வாங்கி, ஆராய்ச்சியைத் தொடங்கும் முன் இரண்டு ஆண்டுகள், அவை எப்படி வளர்கின்றன, குணம் மாறாமல் வருகின்றனவா என்று வளர்த்து மட்டும் பார்த்தார். அதில் தேறிய 22 வகைகளோடுதான் வேலையைத் தொடங்கினார். பிறகு எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 28,000 செடிகள், ஒவ்வொன்றாக. 1866 இல் அச்சான கட்டுரையை 1900 வரை உலகம் கண்டுகொள்ளவில்லை, அதற்குள் அவர் செத்துப்போயிருந்தார். மற்றவர்கள் இந்தக் கதையில் அந்த 34 ஆண்டு மௌனத்தைத்தான் உருகி உருகிச் சொல்வார்கள். டீச்சருக்கு முக்கியம் அந்த முதல் இரண்டு ஆண்டுகள். "ரெண்டு வருஷம் சும்மா பார்த்தாரும்மா. எனக்கு ரெண்டு நாள் பார்க்கப் பொறுமை இல்ல."

செங்கல்

நான்காவது நாள் இரவுக்கு வருகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் பின்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கதவோரம் தரையில் நீள்சதுரமாக ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. அதைச் சுற்றி, காய்ந்துபோன உணவுத்துணுக்குகளின் மெல்லிய கோடு. எறும்புகள் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, நடுவே வெளுத்த இடத்துக்குள் ஒன்றும் இறங்கவில்லை. என்ன இருந்தது இங்கே என்று துடைப்பத்தோடு நின்றேன். பிறகு முன்கதவைத் திரும்பிப் பார்த்தேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். முதல் நாள், ஆட்கள் வந்து போக வசதியாக இருக்கட்டும் என்று, பின்கட்டிலிருந்து அதை எடுத்துக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

மணிக்குப் பதின்மூன்று வயது. போன ஆண்டே அதன் கழுத்து எலும்பில் தேய்மானம் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார், டீச்சர் என்னிடம் சொல்லியும் இருக்கிறார். தலையை முழுக்கத் தாழ்த்தினால் வலிக்கும். அதனால் தட்டு செங்கல் மேல்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த விஷயம் இது. நூறு தடவை கண்ணால் பார்த்த செங்கல். எழுந்து வரும், முகரும், பாதி வரை குனியும், நிற்கும், திரும்பும். நான்கு நாட்களாக எங்கள் எல்லோர் கண் முன்னாலும் அது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. பாதி வரை குனிந்தது! மனம் இல்லாத நாய் எதற்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து வர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

செங்கல்லைக் கழுவி, அந்த வெளுத்த இடத்திலேயே வைத்து, மேலே தட்டை வைத்தேன். மணி வந்தது. முகர்ந்தது. சாப்பிட ஆரம்பித்தது. நிமிராமல், தட்டைத் தள்ளிக்கொண்டே, தட்டு செங்கல்லின் விளிம்பில் உரசும் சத்தம் வீடு முழுக்கக் கேட்க, சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து தட்டு விழாமல் பிடித்துக்கொண்டேன். நான்கு நாள் பசி. நாங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மணியை ஹச்சிகோ என்ற ஜப்பான் நாயோடு ஒப்பிட்டுத்தான் பலரும் எழுதினார்கள். டீச்சருக்கு ஹச்சிகோ கதை மிகவும் பிடிக்கும், ஆனால் அவர் சொல்லும் விதம் வேறு. டோக்கியோவில் விவசாயப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்தார், அவருடைய நாய் 1935 மார்ச்சில் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. இது எல்லோருக்கும் தெரியும். டீச்சர் கேட்பது ஒரே கேள்வி: "ஏறக்குறைய பத்து வருஷம் அதுக்குச் சோறு போட்டது யாரு?" உவேனோ வீட்டில் தோட்டவேலை செய்த கோபயாஷி என்பவர்தான் அதைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நாய்க்கு அது உயிரோடு இருக்கும்போதே, 1934 இல், சிலை வைத்துவிட்டார்கள். 2011 இல், பாதுகாத்து வைத்திருந்த அதன் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தபோது நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. இதயத்தில் புழுத்தொற்றும் இருந்தது. "சிலை வைக்கிறதுக்கு எல்லாரும் வந்தாங்க. தினமும் தட்டு வைக்க ஒரு தோட்டக்காரர்தான் வந்தார்" என்பார். இதை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், தலையாட்டியும் இருக்கிறேன்.

அப்படியானால் மணிக்குத் துக்கமே இல்லையா என்று என் மகள் கேட்டாள். இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை இரண்டு முறை நக்கிவிட்டு, நேராக வாசற்படிக்குப் போய், டீச்சரின் செருப்பு இருந்த இடத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. வயிறு நிறைந்த பிறகும் அது அங்கேயேதான் போய்ப் படுத்தது. அதன் துக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. அதன் பசியையும் அதன் துக்கத்தில் சேர்த்து எழுதிவிட்டோமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்த பையனுக்கு நேற்று தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர் இருந்திருந்தா என்ன செய்திருப்பாங்க அக்கா?" என்று கேட்டான். தட்டைத் தூக்கியிருப்பார், வேறென்ன.

மணி இப்போது என் வீட்டில் இருக்கிறது. செங்கல்லும் வந்திருக்கிறது. தொட்டிகளில் பாதியைக் கொண்டுவந்துவிட்டேன், மீதியைப் பழைய மாணவர்கள் பிரித்துக்கொண்டார்கள். காலையில் வெறுங்கையோடு ஒரு சுற்று போகிறேன். என் நகக்கண்ணிலும் கறுப்புக் கோடு விழத் தொடங்கியிருக்கிறது. முந்தாநாள் முதல் மணி பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறது. வெயிலாக இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர், டீச்சர் நினைப்பாக இருக்கும் என்கிறாள் மகள். பல்லாக இருக்கலாம். இடது பக்கம் மெல்லும்போது தலையைச் சாய்ப்பதைப் போலத் தெரிகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாளை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். இன்று இரவு அது சாப்பிடும்போது நான் தரையில் படுத்து, தட்டின் மட்டத்திலிருந்து பார்க்கப்போகிறேன்.